சினைப்பைப் புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கச் சொல்கிறார்களே, எப்படி?

மே 8 உலக சினைப்பைப் புற்றுநோய் நாள். அன்றைக்கு வாட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் ஒரு படம் சுற்றும்: "வருடம் ஒருமுறை பரிசோதனை செய்யுங்கள், ஆரம்பத்திலேயே கண்டுபிடியுங்கள்." என்ன பரிசோதனை என்று அனுப்பியவரைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் பாப் ஸ்மியர் என்பார், இன்னொருவர் வயிற்று ஸ்கேன் என்பார். லேப் வைத்திருப்பவர்கள் சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையை 'முழு உடல் செக்கப்' பாக்கேஜில் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

எந்தத் தொந்தரவும் இல்லாத ஒரு பெண்ணிடம் இந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடித்து, அதனால் உயிர் பிழைக்க வைக்கும் என்று நிரூபணமான பரிசோதனை இன்றுவரை கிடையாது. அதற்காக, சீக்கிரம் கண்டுபிடிப்பது என்ற பேச்சே வீண் என்று விட்டுவிடவும் முடியாது. இந்த நோயில் அதற்கு அர்த்தம் வேறு. அந்த உறுப்பு உடம்பில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அது புரியும்.

## கர்ப்பப்பையை எடுத்தாச்சு, இனி பயமில்லை?

கர்ப்பப்பை அடிவயிற்றின் நடுவில் இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சினைப்பை, சுமார் 3 சென்டிமீட்டர் நீளம். முட்டையை முதிர வைப்பதும் பெண்மைக்கான ஹார்மோன்களைச் சுரப்பதும் இதன் வேலை. வெளியே வரும் முட்டையைக் கர்ப்பப்பைக்குக் கொண்டுபோகும் வழி கருக்குழாய். அதன் நுனி விரல் விரலாகப் பிரிந்து சினைப்பையின் மேல் கவிந்திருக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குச் செய்யும் பரிசோதனை கர்ப்பப்பை வாய்க்கானது. பாப் ஸ்மியரும் அதற்குத்தான். கர்ப்பப்பையின் வாசலில் சில செல்களை எடுத்துப் பார்ப்பார்கள். கட்டாயம் செய்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் அது நார்மல் என்று வந்தால், சினைப்பையைப் பற்றி எதுவும் தெரிந்துவிட்டதாக ஆகாது. எச்பிவி தடுப்பூசியும் அப்படியே. அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும், சினைப்பையைக் காக்காது.

அடுத்தது நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுவது. அதிக உதிரப்போக்குக்காகவோ நார்க்கட்டிக்காகவோ 40 வயதுக்கு மேல் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட அக்காக்கள் எத்தனையோ பேர். "அதான் எல்லாத்தையும் எடுத்தாச்சே" என்பார்கள். எல்லாவற்றையும் எடுத்தார்களா என்று பீரோவில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். ஆபரேஷனுக்கு எதிரே 'டிஏஎச்' என்று மட்டும் இருந்தால் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள், சினைப்பைகள் உள்ளேயே இருக்கின்றன. கூடவே 'பிஎஸ்ஓ' என்றும் இருந்தால் இரண்டு சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள். சினைப்பையை விட்டுவைப்பது டாக்டர் செய்த தவறு என்று எண்ண வேண்டாம். மாதவிடாய் நிற்காத வயதில் எலும்புக்கும் இதயத்துக்கும் அந்த ஹார்மோன் தேவை என்பதால் பெரும்பாலும் தெரிந்தேதான் விட்டுவைக்கிறார்கள். ஆனால் உறுப்பு உள்ளே இருக்கும்வரை அதில் நோய் வரும் வாய்ப்பும் இருக்கிறது.

## எங்கே தொடங்குகிறது

இந்தப் பெயருக்குள் பல நோய்கள் அடக்கம். பத்தில் ஒன்பது, மேற்புறத்தை மூடியிருக்கும் செல் அடுக்கு சார்ந்தவை. அவற்றில் அதிகம் வருவதும் அதிகம் கொல்வதுமான வகை, பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதே இல்லை. கருக்குழாயின் அந்த விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் தொடங்கிச் சினைப்பைக்கு வருகிறது. சுமார் இருபது ஆண்டுகளாகத்தான் மருத்துவ உலகம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இந்த நோய் ஓரளவு குறைவாக வருவதற்கும் குழாயே ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். இப்போது வேறு ஏதாவது காரணத்துக்காக வயிற்றைத் திறக்கும்போது, இனி குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்குக் குழாய் முழுவதையும் எடுத்துவிடலாமா என்று டாக்டர்கள் கேட்பதும் இதனால்தான். பிள்ளைப்பேறு, தாய்ப்பால் கொடுத்தல், மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரையைச் சில ஆண்டுகள் சாப்பிடுதல் ஆகியவையும் ஆபத்தைக் குறைக்கும். முட்டை வெளிவரும் தடவைகள் அவற்றால் குறைகின்றன. குறைக்கும் என்றுதான் சொல்கிறேன், தடுக்கும் என்று சொல்லவில்லை. நான்கு பிள்ளை பெற்றவருக்கும் வரலாம்.

பெரும்பாலும் 50 வயதை ஒட்டியும் அதற்குப் பிறகும் வரும் நோய் என்றாலும், முட்டைச் செல்களிலிருந்து கிளம்பும் ஒரு வகை பத்து வயதுப் பெண்ணுக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கும் வருகிறது. பள்ளிக்கூடம் போகும் பெண்ணின் வயிறு பெரிதானால் தெரு என்ன பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வகைக் கட்டிகளில் சில, கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோனையே சுரக்கும். வீட்டில் வைத்துப் பார்க்கும் கர்ப்பப் பரிசோதனையும் இரண்டு கோடு காட்டிவிடும். பெண்ணை அடித்து விசாரிப்பதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுங்கள். இந்த வகை பெரும்பாலும் முழுதாகக் குணமாகக்கூடியது. இன்னொரு பக்கத்துச் சினைப்பையையும் கர்ப்பப்பையையும் காப்பாற்றி, பிற்பாடு குழந்தை பெறும் வாய்ப்பையும் வைக்க முடியும்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியவை: சினைப்பை தனி உறுப்பு, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை அதைப் பார்க்காது, கர்ப்பப்பை போனாலும் அது இருக்கலாம், நோயின் வேர் பெரும்பாலும் கருக்குழாய் நுனியில்.

## வரப்பில்லாத வயல்

ஏன் இதை எல்லாரும் பயந்து பேசுகிறார்கள்? 2022இல் உலகம் முழுக்க சுமார் 3.2 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது, இரண்டு லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது உலகப் புற்றுநோய் மதிப்பீடு. இந்தியாவில் அதே ஆண்டு சுமார் 47 ஆயிரம் பேர். மார்பகம், கர்ப்பப்பை வாய் இரண்டுக்கும் அடுத்து நம் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். பாதிக்குமேல் முற்றிய நிலையில்தான் தெரியவருகிறது. அலட்சியம்தான் காரணம் என்று பெண்கள் மேல் பழி போட்டுவிட்டுப் போவது சுலபம். பெரும் காரணம் நோய் பரவும் விதத்தில் இருக்கிறது.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. இங்கே பல இடங்களில் ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது, வயலுக்கு வயல்தான் பாய்ச்சல். மேல் வயலில் நிறைந்த தண்ணீர் மடை வழியே கீழ் வயலுக்கு இறங்கும். மேலே ஒருவர் களையைப் பறிக்காமல் விட்டு விதை உதிர்ந்தால், அது மிதந்து கடைமடை வரை போய் முளைக்கும். வரப்பு உயரமாக இருந்து மடையும் அடைத்திருந்தால் அந்த வயலோடு நின்றிருக்கும்.

கர்ப்பப்பைக்குள் தொடங்கும் புற்றுநோய்க்கு ஒரு வரப்பு இருக்கிறது. கெட்டியான தசைச் சுவரைத் துளைத்துத்தான் அது வெளியே வர வேண்டும். சினைப்பைக்கும் கருக்குழாய் நுனிக்கும் அப்படி எதுவும் இல்லை. இரண்டும் வயிற்றறைக்குள் திறந்தபடி இருக்கின்றன. அந்த அறையின் உட்சுவரையும் குடலையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வுக்குப் பெரிட்டோனியம் என்று பெயர். குடல்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க, அங்கே எப்போதும் கொஞ்சம் நீர் இருக்கும். அது தேங்கி நிற்பதில்லை. மூச்சு விடும்போதும் குடல் அசையும்போதும் அடிவயிற்றிலிருந்து வலப்பக்கமாக மேலேறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் அடிப்பக்கம் வரை போகிறது.

புற்றுச் செல்கள் உதிர்ந்து அந்த நீரில் இறங்கினால் போதும், ரத்தக்குழாயைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லை. கல்லீரலின் மேற்புறம், உதரவிதானம், குடலின் வெளிப்புறம், குடலின் முன்னால் திரைபோலத் தொங்கும் ஓமென்டம் என்ற கொழுப்பு மடிப்பு என்று போகிற இடத்தில் எல்லாம் ஒட்டி முளைக்கின்றன.

வயிற்று நீரை உறிஞ்சி ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பும் நிணநீர்க் குழாய்கள் உதரவிதானத்தில் இருக்கின்றன. அந்த வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டினால் என்ன ஆகும் என்று ஐப்பசி மழையில் வயல் மூழ்கிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புற்றுச் செல்கள் வடிகாலை அடைக்கின்றன. போதாததற்கு, ரத்தக்குழாய்களைக் கசிய வைக்கும் பொருளையும் சுரக்கின்றன. "வயித்துல தண்ணி கட்டிடுச்சு" என்று நம் ஊரில் சொல்வது இந்த நிலைதான்.

நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். சினைப்பையோடு நின்றால் முதல் நிலை, இடுப்புக் குழிக்குள் பரவினால் இரண்டு, மேல்வயிற்றுச் சவ்வுக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ போனால் மூன்று, நுரையீரல் உறையில் நீர், கல்லீரலின் உட்பகுதி என்று வயிற்றறையைத் தாண்டினால் நான்கு. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, சினைப்பையோடு நிற்கும்போது கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். தொலைவுக்குப் பரவிய பிறகு என்றால் சுமார் முப்பது பேர். சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்ற தவிப்பு இந்த இடைவெளியிலிருந்து பிறக்கிறது.

## அப்படியானால் எல்லாருக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாமே?

இந்த நியாயமான கேள்வியை இரண்டு நாடுகள் பெரிய அளவில் சோதித்துவிட்டன. அமெரிக்காவில் 78 ஆயிரத்துச் சொச்சம் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆண்டுதோறும் சிஏ-125உம் ஸ்கேனும் செய்தார்கள். 2011இல் முடிவு வந்தது: இறப்பு குறையவில்லை. நோய் இல்லாமலேயே சந்தேகம் என்று வந்தவர்கள் 3,285 பேர். அவர்களில் 1,080 பேருக்கு ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் ஆனவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குக் கடுமையான சிக்கல் வந்தது. இல்லாத நோய்க்காக வந்த சிக்கல்.

பிரிட்டனில் நடந்தது இன்னும் பெரிது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். சிஏ-125 ஆண்டுக்காண்டு எப்படி ஏறுகிறது என்று பார்த்ததில், முதல் நிலையில் பிடிபட்டவர்கள் உண்மையிலேயே கூடினார்கள். ஆனாலும் 2021இல் வெளியான இறுதி முடிவில் இறப்பு குறையவில்லை. பரிசோதனை முன்கூட்டிப் பிடித்த நோய்களால் மொத்தக் கணக்கு மாறவில்லை. அதிகம் கொல்லும் வகை, ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவிலேயே வெகுதூரம் போய்விடக்கூடியது.

அரிய நோயாக இருப்பதும் ஒரு சிக்கல். ஒரு கணக்குக்கு, தஞ்சாவூர் பக்கத்தில் 10 ஆயிரம் நடுவயதுப் பெண்களுக்குச் சோதனை செய்கிறோம் என்று வையுங்கள். ஓராண்டில் அவர்களில் இரண்டு மூன்று பேருக்கு நோய் இருக்கலாம். சோதனை நூற்றில் ஒருவருக்கு மட்டும் தப்பாகக் காட்டினாலும், நூறு குடும்பங்கள் தூக்கம் தொலைக்கும். இதைச் சொன்னால் "அப்ப டெஸ்ட்டே வேண்டாங்கிறீங்களா" என்று கோபப்படுவார்கள். தொந்தரவு இல்லாதவருக்கு வேண்டாம் என்கிறேன். தொந்தரவு இருப்பவருக்கு அதே டெஸ்ட் உடனே வேண்டும்.

## சிஏ-125 எண்ணை எப்படிப் பார்ப்பது

இது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம். 35 யூனிட் வரை இயல்பு என்று வைத்திருக்கிறார்கள். நோய் முதல் நிலையில் இருக்கும் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது ஏறுவதே இல்லை. மறுபக்கம், மாதவிடாய் நாட்களிலும், கர்ப்பத்திலும், நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), கல்லீரல் சுருக்கம் ஆகியவற்றிலும் ஏறும்.

நம் நாட்டில் மறக்கவே கூடாத இன்னொன்று வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர், உடல் மெலிவு, சிஏ-125 நூற்றுக்கணக்கில் என்று அச்சு அசலாக முற்றிய புற்றுநோய்போலவே நிற்கும். ஆறு மாத மாத்திரையில் சரியாகக்கூடியது. அதனால் திசுவையோ நீரையோ எடுத்துச் சோதிக்காமல், எண்ணை மட்டும் பார்த்து வீட்டில் அழுகையைத் தொடங்கிவிடக் கூடாது.

## காஸ் மாத்திரையும் பாவாடை நாடாவும்

அறிகுறியே இல்லாத நோய் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியில்லை. அறிகுறி இருக்கிறது, வேறு பெயரில் மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விடுகிறது.

"ஒரே உப்புசமா இருக்கு தம்பி" என்றால் கவுண்டரில் இருக்கும் தம்பி காஸ் மாத்திரை ஒரு அட்டையைக் கிழித்துக் கொடுப்பார். அடுத்த வாரம் இன்னொரு அட்டை. நடுவில் ஓமத்தண்ணீர், சீரகத்தண்ணீர். நடவு நேரம், அறுப்பு நேரம் என்றால் ஆஸ்பத்திரிப் பேச்சே கிடையாது. இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்தால் "வயசாச்சுல்ல" என்பார்கள். அடிக்கடி சிறுநீர் வந்தால் "சுகரா இருக்கும்". பாவாடை நாடாவை முன்பு முடிந்த இடத்தில் முடிய முடியவில்லை, நுனி எட்டவில்லை, ஆனால் ரவிக்கைக் கை தொளதொளக்கிறது. வயிறு மட்டும் ஏறி, கையும் தோளும் இளைப்பது சதை போடுவதாகாது. வீட்டில் கண்ணில் படக்கூடிய முக்கியமான அடையாளம் அதுதான் என்பேன்.

மருத்துவர்கள் தொகுத்து வைத்திருக்கும் அறிகுறிகள் நான்கு: விடாத வயிற்று உப்பல், கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துபோதல், அடிவயிற்றிலோ வயிற்றிலோ வலி, அடிக்கடி அல்லது அவசரமாகச் சிறுநீர் கழிக்கும் உணர்வு. இவை யாருக்குத்தான் வராது? வித்தியாசம் இரண்டு இடத்தில். ஒன்று, புதிதாக வந்திருக்க வேண்டும், அதாவது கடந்த ஓராண்டுக்குள். இரண்டு, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் இருக்க வேண்டும். பிரிட்டனில் 2011இல் குடும்ப மருத்துவர்களுக்குச் சொன்னது இந்தக் கணக்கைத்தான்: குறிப்பாக 50 வயதைத் தொட்ட பெண் இப்படி வந்தால் சிஏ-125 பாருங்கள், 35ஐத் தொட்டால் ஸ்கேன் எடுங்கள்.

பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் சமையலறையில் தொங்குமே, அதிலேயே உப்புசம் உள்ள நாளில் ஒரு புள்ளி வைத்தால் போதும். புள்ளிகள் பன்னிரண்டைத் தாண்டினால் அந்தத் தாளையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். "ரொம்ப நாளா" என்பதைவிட "இந்த மாசம் பதினாறு நாள்" என்பது ஓ.பி. வரிசையின் அவசரத்தில் நன்றாக வேலை செய்யும். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் கணக்கெல்லாம் வேண்டாம், ஒருமுறை என்றாலும் மகளிர் மருத்துவரிடம் போக வேண்டும்.

அறிகுறியைப் பிடித்துவிட்டால் முதல் நிலையிலேயே பிடித்துவிடலாம் என்று உறுதி கொடுக்க முடியாது. அறிகுறி தெரியும்போதே பரவியிருக்கலாம். ஆனாலும் கட்டிகள் சிறிதாக, உடம்பில் தெம்பு இருக்கும்போது போவதற்கும், வயிறு நிறைய நீரோடு படுத்த நிலையில் போவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதல் ஆபரேஷனில் கண்ணுக்குத் தெரிகிற நோய் எதையும் மீதி வைக்காமல் எடுக்க முடிந்தவர்களே நீண்ட நாள் வாழ்கிறார்கள். காஸ் மாத்திரையிலேயே ஓடிப்போகும் மாதங்களைக் குறைப்பதுதான் நம் கையில் இருக்கும் 'சீக்கிரம்'.

## ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சிஸ்ட்' என்று வந்தால்

மாதவிடாய் வரும் வயதில், மெல்லிய சுவரும் உள்ளே தெளிந்த நீரும் மட்டும் உள்ள கட்டி, ரிப்போர்ட்டில் 'சிம்பிள் சிஸ்ட்', பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே போய்விடும். மாதவிடாய் தள்ளிப்போகும் பெண்களுக்குச் சொல்லும் 'பிசிஓடி' நீர்க்கட்டி புற்றுநோய் ஆகாது. அதைக் கேட்டு அழுதுகொண்டு வரும் காலேஜ் பெண்கள் இதைப் படித்தால் நல்லது. உள்ளே கெட்டியான பகுதி, தடித்த தடுப்புகள், அதில் ரத்த ஓட்டம், இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர் என்று எழுதியிருந்தால் விஷயம் வேறு. மாதவிடாய் நின்றவருக்கு எந்தக் கட்டி என்றாலும் மகளிர் மருத்துவர் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

சந்தேகமான கட்டியை ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்கக் கூடாது. உள்ளிருப்பது வயிற்றில் சிந்தினால், முதல் நிலையில் இருந்ததை நாமே பரப்பியதாகிவிடும். முழுதாக, உடையாமல் எடுக்க வேண்டும். முடிந்தவரை மகளிர் புற்றுநோய் அறுவையில் பழகியவர் எடுக்க வேண்டும்.

முதலில் காட்ட தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையும், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் பக்கத்தில் இருக்கின்றன. மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மருக்கோ, முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ டெல்டாவிலிருந்து போகிறவர்கள் உண்டு. புற்றுநோய் ஆபரேஷனும் கீமோவும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகின்றன, அதனால் குடும்ப அட்டையும் காப்பீட்டு அட்டையும் பையில் இருக்கட்டும். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள். கட்டி எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று அதுதான் சொல்லும்.

## அப்பா வழி உறவும் கணக்கில் உண்டு

சாதாரணமாக ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றை ஒட்டி, அதுவும் மேலைநாட்டுக் கணக்கில். உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்யும் பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் பிறவியிலேயே பழுது இருந்தால் அது சுமார் நாற்பதாக ஏறும். பிஆர்சிஏ2 என்றால் இருபதை ஒட்டி. மார்பகப் புற்றுநோய் ஆபத்தும் இவற்றில் கூடவே ஏறும். இவர்களுக்கு வழி தெளிவாக இருக்கிறது: பிள்ளை பெற்று முடித்த பிறகு, பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2 என்றால் 45க்குள், கருக்குழாய்களையும் சினைப்பைகளையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டால், பெண்கள் அம்மா, பெரியம்மா, சித்தியை மட்டும் நினைத்துப் பார்த்து "இல்லை" என்றுவிடுவார்கள். அத்தைக்கு மார்பில் கட்டி வந்தது, அப்பாயி "வயித்துல கட்டி வந்து" செத்தது எல்லாம் அவர்கள் கணக்கில் சேராது. பழுதான மரபணு அப்பா வழியாகவும் அதே அளவு வரும். அண்ணன் தம்பிகளுக்கும் இருக்கலாம், அவர்களின் மகள்களுக்குப் போகலாம். சோதனையை முதலில் நோய் வந்தவருக்குத்தான் செய்ய வேண்டும். மேற்பரப்புச் செல் வகை நோய் வந்த எல்லாருக்கும், வயது எதுவானாலும், இதைச் செய்யச் சொல்கிறார்கள். எந்தப் பழுது என்று தெரிந்த பிறகு, கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு பழுதை மட்டும் ரத்தத்தில் தேடிப் பார்த்தால் போதும்.